எக்ஸ்பி கம்ப்யூட்டரில் மட்டும் நாஸ் திறக்கவில்லை: என்ன செய்யலாம்?

அடுத்த கேள்வி அவிநாசியிலிருந்து வந்திருக்கிறதுங்க. எம்பிராய்டரி ஜாப் வொர்க் செய்யும் ஓர் அண்ணன் கேட்கிறார்: “ஆபீசுக்குப் புதிதாக நாஸ் பெட்டி (எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக ஃபைல் வைத்து எடுக்கிற பொதுச் சேமிப்புப் பெட்டி) வாங்கி வைத்தோம். விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் திறக்கிறது. டிசைன் சாப்ட்வேர் இருக்கிற பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. நாஸில் எஸ்எம்பி1 என்கிற பழைய ஃபைல் பகிர்வு முறையை ஆன் பண்ணினால் போதும் என்கிறார்கள், பண்ணலாமா?”

பண்ணினால் அநேகமாகத் திறந்துவிடும் அண்ணா. ஆனாலும் அந்தப் பெட்டியில் பண்ண வேண்டாம்.

பழசைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த மாதிரி டிசைன் சாப்ட்வேர் பலவற்றுக்குப் பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற டாங்கிள் (லைசென்ஸைச் சரிபார்க்கும் சின்னக் கருவி) இருக்கும். இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட் இருப்பதே அபூர்வம். தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சாப்ட்வேரை மாற்று என்றால் எந்த யூனிட்டால் முடியும்?

சரி, ஏன் திறக்கவில்லை? நெட்வொர்க்கில் ஃபைலைக் கொடுத்து வாங்குவதற்கு விண்டோஸ் வைத்திருக்கிற முறைதான் எஸ்எம்பி. இதன் இரண்டாம் பதிப்பு 2006இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. எக்ஸ்பிக்கு முதல் பதிப்பான எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும். புது நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் அந்த முதல் பதிப்பை மூடித்தான் வைத்திருப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். உங்கள் நாஸ் உள்ளே ஓடுவது அநேகமாக லினக்ஸ், அதே ஓட்டை அதில் இல்லை. ஆனால் எஸ்எம்பி1இல் போகிற ஃபைலுக்கு மறைகுறியாக்கம் (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) எதுவும் கிடையாது. கணக்கு வழக்கு, பார்ட்டி பில், ஜிஎஸ்டி ஃபைல் எல்லாம் இருக்கிற பெட்டிக்கு அந்தப் பழைய கதவைத் திறந்து வைப்பது சரியில்லை.

நான் சொல்வது இதுதான். எக்ஸ்பிக்கும் நாஸுக்கும் நடுவில் ஒரு சின்ன மெஷின் வையுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போதும், லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் இருந்தாலும் போதும். அதில் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு ஃபைல் பகிரும் சாப்ட்வேர்) நிறுவி, குறைந்தபட்ச புரோட்டோகால் (server min protocol) என்ற இடத்தில் என்டி1 (NT1, அதாவது எஸ்எம்பி1) என்று கொடுங்கள். 2019இல் வந்த சாம்பா 4.11 முதல் இது தானாக இருக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும். அதில் ‘டிசைன்’ என்று ஒரே ஒரு ஃபோல்டர். எக்ஸ்பி அதை மட்டும் பார்க்கட்டும். அந்த ஃபோல்டரை நாஸுக்கு நகல் எடுக்கிற வேலையை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் சாப்ட்வேரை வைத்து அந்த மெஷினே பார்த்துக்கொள்ளும். டிஎஸ்டி என்கிற எம்பிராய்டரி டிசைன் ஃபைல் ஒவ்வொன்றும் சில நூறு கேபிதான் வரும், ஒரு நிமிடம் கூட ஆகாது. நாஸில் ஸ்நாப்ஷாட் வசதி (ஃபைல்களின் பழைய நிலையை அவ்வப்போது பதிந்து வைப்பது) இருந்தால் அதையும் ஆன் பண்ணி வையுங்கள். எக்ஸ்பியில் ஏதாவது புகுந்து டிசைனைக் கெடுத்தாலும் முந்தைய நாள் நகல் இருக்கும்.

அப்புறம், எக்ஸ்பியின் ஐபி செட்டிங்கில் டீபால்ட் கேட்வே (இன்டர்நெட்டுக்குப் போகும் வழி) என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். உள் நெட்வொர்க் வேலை செய்யும், இன்டர்நெட் மட்டும் போகாது. 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. அதை வெளியில் விடாமல் இருப்பதுதான் நல்லது.

நடு மெஷின் வைத்த பிறகும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது வேறு சிக்கல். பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும், எக்ஸ்பி அதைப் என்டிஎல்எம் என்ற பழைய பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறையில் அனுப்பும், புது சாம்பா ஏற்காது. எக்ஸ்பி புரொபஷனலாக இருந்தால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசிக்குள் லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல் என்று ஒன்று இருக்கும். அதில் என்டிஎல்எம்வி2 (அதன் புதிய பதிப்பு) மட்டும் அனுப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் இந்த இடத்தில் சாம்பாவின் பாதுகாப்பைத் தளர்த்திவிடுகிறார்கள். அது தேவையில்லைங்க, எக்ஸ்பி பக்கம் மாற்றினாலே போதும்.

எக்ஸ்ப்ளோரரில் திறக்கிறது, சாப்ட்வேருக்குள் மட்டும் தெரியவில்லை என்றால், அந்த ஃபோல்டருக்கு இசட் என்று ஒரு டிரைவ் எழுத்து கொடுங்கள். பழைய சாப்ட்வேர் பலவற்றுக்கு இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்குகிற பாதை புரியாது. சேவ் பண்ணும்போது இடம் இல்லை என்று சொன்னாலும் பயப்படாதீர்கள். 2 ஜிபிக்கு மேல் காலியிடத்தை எண்ணத் தெரியாத சாப்ட்வேர்கள் உண்டு, பெரிய டிஸ்க்கைப் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும். அந்த ஃபோல்டருக்கு 1 ஜிபியில் தனிப் பார்ட்டிஷன் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். டிசைனுக்கு அதுவே தாராளம். ஃபைல் பெயரும் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால், எக்ஸ்பியிலிருந்து நடு மெஷினின் ஐபிக்குப் பிங் (இரண்டு மெஷினுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கமாண்ட்) போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள். போகிறது என்றால் திரையில் வருகிற பிழைச் செய்தியை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள் அண்ணா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.