லைசென்ஸ் கட்டணத்தை உயர்த்துங்கள், கணக்கையும் காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கும். தொழில் உரிமம். பெரிய ஆலைகளில் அது அலுவலகக் கோப்பில் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தத் தாளுக்காகக் கட்டுகிற பணத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கட்டணம் உயர்கிறது என்று அறிவிப்பு வந்ததும் வணிகர்கள் கொதிக்கிறார்கள். பல வருடமாக ஏற்றவே இல்லை, செலவு கூடிவிட்டது என்கிறது அரசு. நான் உயர்த்தவே கூடாது என்று சொல்பவன் அல்ல. உரிமம் கொடுக்கவும் கண்காணிக்கவும் உண்மையில் என்ன செலவாகிறது? அந்தக் கணக்கைக் காட்டிவிட்டு உயர்த்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஏன் கணக்கு என்றால், கட்டணம் வேறு, வரி வேறு. வரி பொதுச் செலவுக்குப் போகிறது, சாலையாகலாம், பள்ளிக்கூடமாகலாம். கட்டணம் அப்படியில்லை. விண்ணப்பத்தைப் படித்துப் பார்ப்பது, இடத்தை நேரில் ஆய்வு செய்வது, தீ பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்ப்பது, புகார் வந்தால் விசாரிப்பது என்று குறிப்பிட்ட வேலைக்காக வாங்குவது.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற வழக்கு ஒன்று உண்டு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் லிபர்ட்டி என்று ஒரு திரையரங்கு. வருடத்துக்கு 400 ரூபாய் உரிமக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது. 1958-இல் மாநகராட்சி கணக்கிடும் முறையை மாற்றியது. அதுவரை கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்துக் கட்டணம். இனிமேல் இருக்கைகளின் எண்ணிக்கையை வைத்து. ஒரே அடியில் 400 ரூபாய் 6,000 ரூபாயாகிவிட்டது. பதினைந்து மடங்கு! அரங்குக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 'இவ்வளவு வாங்குகிறீர்களே, பதிலுக்கு எங்களுக்கு என்ன செய்கிறீர்கள்?' அவர்களுடைய வாதத்தின் சாரம் இதுதான். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் மாநகராட்சி பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். அந்த மூன்று பேர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இது சேவைக்கு ஈடான கட்டணமே அல்ல, இது வரிதான். வரியாக விதிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே செல்லும் என்றார்கள். அதாவது, திரையரங்கு கேட்டது சரி. அந்தப் பணத்துக்கு ஈடாக எந்த வேலையும் நடக்கவில்லை. ஆனாலும் பணம் கட்டத்தான் வேண்டும்!

சட்டப்படி அது முடிந்த விஷயம். எனக்கு அது முடியவில்லை. வரி என்றால் மக்கள் பிரதிநிதிகள் சபையில் விவாதிக்கிறார்கள், செய்தித்தாளில் வருகிறது, நாமும் பேசுகிறோம். கட்டணமோ பெரும்பாலும் ஒரு துறையின் அறிவிக்கையிலேயே மாறிவிடுகிறது. புதுப்பிக்கக் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் தொகையே தெரிகிறது. வருமானம் வேண்டுமென்றால் வரியாகக் கேட்கட்டும். கட்டணமாகக் கேட்டால் கணக்கு வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், கட்டணம் வேறு, வரி வேறு.

சரி, சிறு தொழிலுக்கும் பெரிய தொழிலுக்கும் ஒரே தொகையா? ஒரே தொகை என்றால் சிறியவருக்கு அது ஒரு மாத லாபம். பெரியவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். அதனால் பலரும், விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனைத் தொகையைப் பார்த்து வாங்குங்கள் என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நகைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். விற்றுமுதல் பெரிது, ஆய்வாளருக்கு வேலை குறைவு. ஒற்றை அறையில் ரசாயனம் கலக்கிற பட்டறையில் விற்றுமுதல் சிறிது, ஆபத்து பெரிது, அடிக்கடி போய்ப் பார்த்தாக வேண்டும். விற்றுமுதலைப் பார்த்தால் அது வருமான வரியின் தம்பியாகிவிடுகிறது. ஆய்வுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, ஆபத்து எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பட்டறைக்காரரால் தாங்க முடியாது என்பீர்கள். உண்மைதான். அந்த இடத்தில் அரசு பொதுப் பணத்திலிருந்து சலுகை கொடுக்கட்டும், எவ்வளவு கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்தச் சலுகைச் செலவை ரகசியமாகப் பக்கத்துக் கடைக்காரர் தலையில் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இப்படிக் கணக்குப் பிரிக்க முடியுமா? முடியும். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகர மன்றம் ஒரு வகைக் கடைகளுக்கு 2011-12-இல் வாங்கிய உரிமக் கட்டணம் 29,102 பவுண்டு. அதில் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் செலவு 2,667 பவுண்டுதான். மீதியெல்லாம் உரிமம் இல்லாமல் நடத்துகிறவர்களைப் பிடிப்பது உள்ளிட்ட கண்காணிப்புக்கு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல முடிந்ததால்தான் அங்கே விவாதமே நடந்தது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கண்காணிப்புச் செலவை விண்ணப்பிக்கும்போதே முன்கூட்டி வாங்கக் கூடாது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் திருப்பிக் கொடுப்போம் என்றாலும் கூடாது என்றது. உரிமம் கிடைத்தவரிடம் பிறகு வாங்குவது வேறு விஷயம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவரின் கையிருப்பு எவ்வளவு முக்கியம் என்பது தொடங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அலைச்சலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். 1983-இல் பெரு நாட்டில் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ தெ சோட்டோவின் ஆய்வு நிறுவனம், ஒரு சிறு ஆடைத் தயாரிப்புக் கூடத்துக்கு முறைப்படி எல்லா அனுமதியும் வாங்கிப் பார்த்தது. 289 நாள் ஆனது. இழந்த வருமானத்தையும் சேர்த்தால் செலவு, குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப்போல் முப்பது மடங்குக்கு மேல். ரசீதில் இருக்கும் தொகை அதில் ஒரு பகுதிதான். ஆகவே கட்டணத்தை ஏற்றும் துறை, எத்தனை நாளில் உரிமம் தரும் என்ற கெடுவையும் அதே அறிவிக்கையில் போடட்டும்.

கடைசியாக ஒன்று. பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் மூன்று மடங்கு ஏற்ற வேண்டாம். வருடா வருடம் கொஞ்சம், புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டு ஏற்றட்டும். வணக்கம்.