தலைகீழ் கிட்டாரும் லிப்பா காட்டனும்: கட்டை விரலில் மெட்டு வந்துவிட்டது!

வணக்கம் மக்களே. வந்துவிட்டது! கட்டை விரலில் மெட்டு வந்துவிட்டது! போன வீடியோவில் அவ்வளவு நேரம் புலம்பினேனே, தலைகீழாகப் பிடித்த கிட்டாரில் சுட்டு விரல் அதுபாட்டுக்குத் தடித்த தந்திகளில் நடக்க வேண்டும், கட்டை விரல் மெட்டை வாசிக்க வேண்டும், ரெண்டும் ஒத்துப்போகவே மாட்டேன் என்கின்றன என்று. நேற்று ராத்திரி லிப்பா காட்டனின் 'ஃப்ரெயிட் டிரெயின்' பாட்டின் முதல் பகுதி நிற்காமல் ஓடியது. இ செவன் கார்ட் (கார்ட் என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்க வைப்பது) வரும் இடம் வரைக்கும். அங்கே இன்னும் சிக்கல் இருக்கிறது, அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

இந்தச் சந்தோஷத்தோடு படுக்கப் போகலாம் என்று போனை எடுத்தால், ஒரு சின்ன கிளிப் கண்ணில் பட்டது. அமெரிக்க நாட்டுப்புற கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டன் பற்றித்தான், நாம் லிப்பா என்று சொல்கிறவர். "பணக்கார வீட்டில் வேலை செய்த பெண், முதலாளி குடும்பம் கண்டுபிடித்த பொக்கிஷம்" என்று குரல் கொடுத்து, சோக இசை போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் தூக்கமே போய்விட்டது. கண்டுபிடித்தார்களாம்! அந்தப் பாட்டை அவர் உருவாக்கியபோது அந்த முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. அதனால் இன்றைக்கு வேறு எதுவும் கிடையாது. லிப்பா காட்டன் கதையை நான் எனக்குப் பிடித்த வரிசையில் சொல்லப்போகிறேன்.

பிறந்தது 1893, அமெரிக்காவில் வட கரோலினா. இப்போது கார்போரோ என்று சொல்கிற ஊர், சாப்பல் ஹில் பக்கத்தில். கறுப்பினக் குடும்பம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. வீட்டில் அவரைச் செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் பெயர் கேட்டபோது, "எலிசபெத்" என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட குழந்தை இது. இந்த ஒரு விஷயம் போதும் எனக்கு. அந்த வயதிலேயே 'நான் யார் என்று நான்தான் சொல்வேன்' என்ற ஆள். இவரைப் போய் யாரோ கண்டுபிடித்தார்கள் என்றால் எப்படி?

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கிட்டார் விலை. 3 டாலர் 75 சென்ட். ஸ்டெல்லா கிட்டார். சின்ன வயதிலேயே படிப்பை விட்டு வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்குப் போனார். சமைக்க, பெருக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள. சம்பளம் எவ்வளவு தெரியுமா? மாதத்துக்கு 75 சென்ட். இப்போது கணக்குப் போடுங்கள். முழுச் சம்பளத்தையும் ஒரு பைசா தொடாமல் வைத்தால் கூட, ஒரு கிட்டாருக்கு சரியாக ஐந்து மாதம். மிட்டாய் கிடையாது, ரிப்பன் கிடையாது, எதுவும் கிடையாது. பிறகு சம்பளம் ஒரு டாலர் ஆனது. அப்படிச் சேர்த்துத்தான் வாங்கினார். நான் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உங்களுடைய ஐந்து மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்து ஒரு வாத்தியம் வாங்குவீர்களா? பெரியவர்களே யோசிப்போம். அது ஒரு சின்னப் பெண்ணின் முடிவு. பொழுதுபோக்குக்காக யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

அய்யோ, பாருங்கள், பேஞ்சோவை விட்டுவிட்டேன். கிட்டாருக்கு முன்னால் பேஞ்சோ இருக்கிறது, அதுவும் கிட்டார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம்தான். அது அண்ணனுடையது. அவன் வீட்டில் இல்லாதபோது எடுத்து, தெரியாமல் வாசிப்பார். இங்கேதான் என் மாதிரி ஆட்களுக்கு வேண்டிய விஷயம் வருகிறது. லிப்பா இடதுகைக்காரர். பேஞ்சோவோ வலதுகைக்காரனுக்குத் தந்தி கட்டியது. அண்ணன் பொருள், தந்தியைக் கழற்றி மாற்ற முடியுமா? அதனால் வாத்தியத்தையே திருப்பிப் பிடித்தார். பிறகு அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது பேஞ்சோவும் போய்விட்டது. அப்போதுதான் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று வேலைக்குப் போய்க் காசு சேர்த்தது. கிட்டார் வந்த பிறகும் அதே பிடி. தலைகீழ்.

சேனலை ரொம்ப நாளாகப் பார்க்கிறவர்களுக்கு நான் இடதுகை என்பது தெரியும், என் முதல் கிட்டார் வாத்தியார் கதையும் தெரியும். "வலதுகையில் வாசித்தால் வா, இல்லையென்றால் வேண்டாம்" என்றவர். அதை மறுபடி ஆரம்பிக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடதுகைக்காரர்கள் பெரும்பாலும் தந்திகளை இடம் மாற்றிக் கட்டிக்கொள்வோம், அல்லது இடதுகை கிட்டாரே வாங்குவோம். லிப்பா எதையும் மாற்றவில்லை. சாதாரண கிட்டாரை எடுத்து அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். இங்கே பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். மெல்லிய தந்திகள் மேலே, என் முகத்துப் பக்கம் வந்துவிட்டன. தடித்தவை கீழே, தரைப் பக்கம். வழக்கமாக எல்லாரும் கட்டை விரலால் தடித்த தந்திகளை 'டும் டும்' என்று மாற்றி மாற்றித் தட்டுவார்கள், மற்ற விரல்கள் மெட்டு வாசிக்கும். இவரிடம் எல்லாம் இடம் மாறிவிட்டது. சுட்டு விரல் கீழே 'டும் டும்' நடக்கிறது. மெட்டு முழுக்கக் கட்டை விரல். அதனால்தான் அந்த மெட்டுக்கு அப்படி ஒரு சதைப்பிடிப்பு! சுட்டு விரலின் நுனியில் வருகிற ஒலி கூர்மையாக இருக்கும். கட்டை விரலில் வருவது உருண்டையாக, கனமாக வரும். பதிவில் கேட்கும்போது ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று பல பேர் சொல்வது இதனால்தான். இந்த வாசிப்புக்கு அமெரிக்காவில் 'காட்டன் பிக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாரும் சொல்லித் தராமல், ஒரு சின்னப் பெண், திருப்பிப் பிடித்த வாத்தியத்தில் உண்டாக்கிய முறை.

'ஃப்ரெயிட் டிரெயின்' வந்தது 11, 12 வயதில். சரக்கு ரயில் பாட்டு. வீட்டுப் பக்கத்தில் ஓடிய ரயிலிலிருந்து வந்தது. தான் செத்த பிறகும் ரயில் சத்தம் கேட்கிற இடத்தில் புதைக்கச் சொல்கிற பாட்டை அந்த வயதில் எழுதியிருக்கிறார். கேட்க ஜாலியாக ஓடும், வார்த்தையைக் கவனித்தால் நெஞ்சு கனக்கும்.

அப்புறம் என்ன ஆனது? 17 வயதில் கல்யாணம், கணவர் ஃபிராங்க் காட்டன். ஒரு மகள். சர்ச்சில் இந்த மாதிரி பக்தி இல்லாத பாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள், கிட்டாரை வைத்துவிட்டார். பல பத்தாண்டுகள். இந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டுகிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகு மகள் இருந்த வாஷிங்டனுக்கு வந்து, ஒரு பெரிய துணிமணிக் கடையில் வேலை. கடை பெயர் லான்ஸ்பர்க். அங்கே ஒரு குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோனது, இவர் கண்டுபிடித்து அம்மாவிடம் சேர்த்தார். அந்தக் குழந்தை பெக்கி சீகர், அம்மா ரூத் கிராஃபோர்ட் சீகர், இசையமைப்பாளர். அந்த வீட்டில் இவருக்கு வேலை கிடைத்தது. கிளிப் போடுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கடைக் காட்சியில்தான் தொடங்குகிறார்கள், அதுதான் எனக்குக் கடுப்பு. தொலைந்த குழந்தையைக் கண்டுபிடித்தது லிப்பா! கண்டுபிடிப்பு என்று பேச வேண்டுமென்றால் அங்கேயே பேசிக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுச் சுவரில் கிட்டார் தொங்கியது. யாரும் இல்லாதபோது எடுத்து வாசித்தார். அண்ணன் பேஞ்சோவை எடுத்த அதே ஆள்தானே! ஒரு நாள் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். சீகர் குடும்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மகன் மைக் சீகர் லிப்பா வீட்டுக்கே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். அது 1958-ல் ஃபோக்வேஸ் நிறுவனத்தில் இசைத்தட்டாக வந்தது. மைக் இல்லையென்றால் எனக்கு இன்றைக்குக் கேட்கவே கிடைத்திருக்காது. ஆனால் அவர் பதிவு செய்தது ஏற்கெனவே முழுதாக இருந்த ஒரு கலைஞரை. அது மட்டும்தான் என் வாதம்.

முதல் இசைத்தட்டு வரும்போது வயது 65. முதல் பொதுக் கச்சேரி 1960-ல், ஸ்வார்த்மோர் கல்லூரியில், மைக்கோடு சேர்ந்து. பகலில் வீட்டு வேலையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம், பாட்டுத் திருட்டு! அதைச் சொல்லாமல் எப்படி கச்சேரிக்குப் போனேன்? இசைத்தட்டுக்கு முன்னாலேயே, பெக்கி இங்கிலாந்து போய் 'ஃப்ரெயிட் டிரெயின்' பாட்டைப் பாட, அங்கே பிடித்துப்போய்விட்டது. ரெண்டு ஆட்கள் தங்கள் பெயரில் உரிமையைப் பதிவு செய்துகொண்டார்கள். 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி, பிரிட்டன் தரவரிசையில் ஐந்தாவது இடம் வரைக்கும் போனது. அந்த நேரத்தில் பாட்டின் சொந்தக்காரர் வாஷிங்டனில் துணி தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். 12 வயதில் போட்ட மெட்டு! சீகர் குடும்பம் துணை நின்றதில்தான் பிறகு அவர் பெயரும் உரிமையில் பங்கும் வந்தன. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

1964-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழா. 1967-ல் 'ஷேக் சுகரி' இசைத்தட்டு. அந்தத் தலைப்புப் பாட்டை இன்றைக்கே கேளுங்கள். கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் வரி சொல்லி உருவான பாட்டு. பாடுவது ஒரு கொள்ளுப்பேத்தி, லிப்பா கிட்டார் மட்டும். அடகு வைத்து அடகு வைத்து வீட்டில் எதுவும் மிச்சமில்லை என்கிற பாட்டை அந்தக் குழந்தைக் குரலில் கேட்கும்போது, கீழே அந்தச் சுட்டு விரல் நடை ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் 'ஃப்ரெயிட் டிரெயினை' விட இது ஒரு படி மேல். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது மறுபடி காசு. 1978-ல் சிராக்யூஸ் நகரத்தில் வீடு வாங்கினார். கச்சேரிகளிலும் இசைத்தட்டுகளிலும் வந்த பணத்தில். மாதம் 75 சென்ட் வாங்கின கை, கிட்டார் வாசித்து வீடு வாங்கியிருக்கிறது! விருதுகளை விட எனக்கு இதுதான் பெரிசு. விருதும் வந்தது, 1984-ல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் கௌரவம், 1985-ல் நேரடிக் கச்சேரி இசைத்தட்டுக்கு கிராமி. அப்போது வயது 92. 1987 ஜூனில் காலமானார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் பெயர் சேர்த்தது 2022-ல். இவ்வளவு தாமதமாகவா என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, என் சிக்கலுக்கு வருவோம். பாட்டு சி கார்டில் தொடங்குகிறது, ஜி, திரும்ப சி. இது வரைக்கும் கட்டை விரல் சொன்னபடி கேட்கிறது. இ செவனுக்கு மாறும்போது பாருங்கள், இதோ, சுட்டு விரல் தடித்த தந்தியில் ஒரு தட்டைத் தவறவிடுகிறது. மெட்டு சரியாக இருக்கிறது, கீழே நடை நொண்டுகிறது. லிப்பாவின் பழைய வீடியோ ஒன்றில் அவர் கை கேமராவுக்கு நன்றாகத் தெரிகிறது. வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்ததில், கார்ட் மாறும்போதும் அவருடைய சுட்டு விரல் மேலே எழும்பவே இல்லை, தந்தியை ஒட்டியே இருக்கிறது. என்னுடையது தூக்குகிறது. அதைச் சரி செய்ய மெட்டை விட்டுவிட்டு வெறும் 'டும் டும்' மட்டும் இ செவனிலிருந்து எஃப் வரைக்கும் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாராவது கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசிக்கிறீர்கள் என்றால் அந்த இடத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அதை வாசித்துப் பார்க்கிறேன்.