அந்த மஞ்சள் ஷூ

சரி, கேமரா ஓடுகிறது. காலையிலிருந்து ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலைப் பற்றி எழுதிய ‘ஆண்டி வார்ஹோல்’. 1971 டிசம்பரில் வந்த ‘ஹங்கி டோரி’ தொகுப்பில் இருக்கிறது.

ஆரம்பத்தில் ஒரு வேடிக்கை. தயாரிப்பாளர் கென் ஸ்காட் வார்ஹோலின் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறார், போவி திருத்துகிறார். அதையும் சிரிப்பையும் அப்படியே இசைத்தட்டில் விட்டுவிட்டார்கள். ஒருவர் பெயரைத் தப்பாகச் சொன்னால் நமக்கு எப்போது சுருக்கென்று வரும்? அவர் நம்ம ஆளாக இருந்தால்தானே. இத்தனைக்கும் அப்போது போவி வார்ஹோலை நேரில் பார்த்ததுகூட இல்லை!

சூப் டப்பாவை வரைந்து இதுதான் கலை என்று மாட்டியவர், வெள்ளி விக்கோடு திரிந்தவர், எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டவர். லண்டனில் இருந்த 24 வயதுப் பையன் போவிக்கு அவ்வளவு போதும், மீதியை மனசே எழுதிக்கொண்டது. பாட்டில் வார்ஹோலையே படமாக்கிச் சுவரில் மாட்டிவிடுகிறார். பழகிய சிநேகிதனிடம் எடுத்துக்கொள்கிற உரிமை அது.

அப்புறம் அதே 1971 செப்டம்பரில் நியூயார்க் போகிறார். அங்கே யூனியன் சதுக்கத்தில் வார்ஹோலின் ‘ஃபேக்டரி’, அவருடைய கலைக்கூடம். பாட்டு இன்னும் வெளியாகவில்லை. அவருக்கே போட்டுக் காட்டுகிறார். வார்ஹோலுக்குப் பிடிக்கவே இல்லை. தன்னை மட்டம் தட்டியதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று போவியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த இடத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நானும் பாட்டு எழுதுகிறவன். ரொம்பப் பிடித்த ஒருவரோடு மொட்டைமாடியில் தனியாகப் பேசி ஒத்திகை பார்த்திருக்கிறேன். அதில் அவர் எப்போதும் “உட்காருப்பா, காபி சாப்பிடு” என்பார்.

கடைசியில் போவியைக் காப்பாற்றியது காலில் கிடந்த ஷூ. குறுக்கே வார் வைத்த, பெண் பிள்ளைகள் போடுகிற மாதிரியான மஞ்சள் ஷூ. வார்ஹோல் அதில் சொக்கிப்போனார். 1950-களில் விளம்பரங்களுக்கு ஷூ ஷூவாக வரைந்து பிழைத்த மனிதர் அல்லவா! பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. எந்த ஒத்திகையிலும் இந்த வசனம் வந்திருக்காது.

வார்ஹோல் 1987-இல் போய்விட்டார். 1996-இல் ஓவியர் பாஸ்கியாவைப் பற்றி வந்த ‘பாஸ்கியா’ படத்தில் வார்ஹோலாக நடித்தது யார்? போவிதான். பிட்ஸ்பர்க்கில் உள்ள வார்ஹோல் அருங்காட்சியகத்திலிருந்து அவருடைய விக்கையே இரவல் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

இருங்கள், அந்தப் பெயரைத் திருத்துகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடுகிறேன்... ஐயோ, அம்மா வருகிறார். நிறுத்துகிறேன்.