வேலை அவனுக்குப் பொருந்த வேண்டும்

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். இன்றைக்கு அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று மழையில் நனைந்து வந்திருக்கிற அம்மாமாருக்கு முதலில் நன்றி. வயிற்றில் இருந்தபோது மதுவால் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட வேலை பொருந்தும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவனுக்குக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை எடுத்துக் கொடுத்தேன். இருபது வயது. சிரித்த முகம், கலகலவென்று பேசுவான். முதலாளிக்கும் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. மூன்று வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து லய வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டான்.

என்ன நடந்தது? "மேலே போய் நீலத்துணியை எடுத்துவா, வரும்போது பில் புத்தகத்தையும் கொண்டுவா, அப்புறம் பின்கதவைப் பூட்டு" என்பார்கள். அவன் துணியை மட்டும் கொண்டுவந்துவிட்டு நிற்பான். மிச்சக் காசு குறைந்தால் ஏன் என்று கேட்பார்கள். அவனுக்கு நினைவிருக்காது. நினைவில்லாத இடத்தை வாயில் வந்ததைச் சொல்லி நிரப்புவான். முதலில் பொய்யன் என்றார்கள், பிறகு கள்ளன் என்றார்கள். ஊருக்கு வந்தபோது நானும் திட்டினேன். என் பெயரைக் கெடுத்துவிட்டாயே என்று கேட்டேன். அந்தச் சொல் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது.

தாயின் வயிற்றில் இருந்தபோது போன மது அவன் மூளையைப் பாதித்திருக்கிறது என்று பிறகுதான் டொக்டர் சொன்னார். எஃப்.ஏ.எஸ்.டி. என்று எழுதிக் கொடுத்தார். கருவில் மதுவால் வருகிற பாதிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. தாய் குடிப்பது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது. இந்தப் பாதிப்பு வயதாக ஆகப் போய்விடுவதும் இல்லை. மெல்லிய மேலுதடு, சிறிய கண் என்று முகத்தில் அடையாளம் தெரிவது கொஞ்சப் பேருக்குத்தான். மற்றவர்களைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

அம்மாமாரே, இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியுமுன்பே பல வாரங்கள் போய்விடுகின்றன. நாள் முழுக்க மலையேறி இறங்கிய உடம்பு நோவுக்குச் சாராயமோ களவாகக் காய்ச்சிய கசிப்போ கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு, இப்படி ஆகும் என்று சொன்னவர்கள் இல்லை. ஆகையால் யார்மீதும் பழி போட நான் வரவில்லை. டொக்டர் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். நம் பக்கம் பிந்திப் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். போதிய சாப்பாடு இல்லாததாலும் அப்படி ஆகலாம். கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட 415 பேரைப் பற்றி 1996இல் ஓர் அறிக்கை தந்தார். அதில் வளர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வேலையில் சிக்கல் இருந்தது. ஆனால் பெரும்பாலானோரின் நுண்ணறிவு அளவு (ஐ.கியூ.) 70க்கு மேல். அதற்குக் கீழே இருந்தால்தான் அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்று பொதுவாகக் கணக்கெடுப்பார்கள். அதாவது, கெட்டிக்காரனாகத் தெரிவான், உதவி கேட்டால் உனக்கு எதற்கு என்பார்கள். எங்கள் தம்பிக்கு நடந்ததும் அதுதான். அவன் பேச்சைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். பேச்சு வருகிற அளவுக்குக் கணக்கும் நேரமும் ஞாபகமும் வரும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அவன் தேயிலைத் தவறணையில், அதாவது கன்று வளர்க்கிற நாற்றுமேடையில், வேலை செய்கிறான். பொலித்தீன் பைகளில் மண் நிரப்புவதுதான் வேலை. அதே கொட்டகை, வேலையைப் பார்க்கிற அதே கங்காணி, அதே நேரம். நிரப்பிய பை ஒன்று முன்னால் இருக்கும், அதைப் பார்த்து அதேபோல் செய்வான். ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்ததைச் சொல்வார்கள். தேநீருக்கு, சாப்பாட்டுக்கு, வீட்டுக்குப் போக என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. காலையில் சித்தி வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார். சம்பளம் வங்கிக்குப் போகிறது. அவன் விருப்பத்தோடு சித்தியும் அவனும் சேர்ந்து உட்கார்ந்து, எதற்கு எவ்வளவு என்று பிரிக்கிறார்கள்.

எட்டு மாதம் நன்றாகப் போனது. கங்காணி ஐயா, "இனித் தானே பார்த்துக்கொள்வான்" என்று அவனை தோட்டத்தின் வேறு டிவிஷனுக்கு மாற்றினார். படமும் இல்லை, சித்தியும் போகவில்லை. பத்தே நாளில் அவன் காலையில் பேர் பதிகிற பிரட்டுக்கே வருவதில்லை. கங்காணி நல்ல மனிதர், அவன் முன்னேறட்டும் என்றுதான் செய்தார். ஆனால் எட்டு மாதம் அவன் நன்றாகச் செய்தது அந்தத் துணை இருந்ததால்தான். கண்ணாடி போட்டவருக்குப் பார்வை தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றுவோமா? பழைய இடத்தில் பழைய ஒழுங்கைத் திரும்ப வைத்ததும் மறுபடி வந்தான்.

அதற்காக எல்லாரையும் தவறணைக்கே அனுப்பச் சொல்லவில்லை. ஒருவருக்கு மாட்டுப்பட்டி பிடிக்கும், இன்னொருவருக்குப் பேக்கரியில் ரொட்டி அடுக்குவது. சத்தம் தாங்காதவனைத் தொழிற்சாலை மெஷின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். காசுப் பெட்டியை யாரிடமும் முதலில் கொடுக்காதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்து அவசரமும் பலருக்கு ஆகாது.

அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. பரீட்சைச் சான்றிதழ் இல்லாத நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது என்பது உண்மைதான். இருந்தாலும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்த்து, பெயரைப் பதியுங்கள், தொழிற்பயிற்சி பற்றியும் கேளுங்கள்.

தோட்டத்தை நடத்துகிற துரைமாரிடமும் கடைக்காரரிடமும் பேச நான் வருகிறேன். வெறுங்கையோடு போக முடியாது. அதனால் ஒரு தாள் எழுதுவோம்: பிள்ளை யாரும் சொல்லாமலே எதைச் செய்கிறான், எத்தனை மணிக்குக் களைக்கிறான், எந்தச் சத்தம் ஆகாது, கோபம் வந்தால் யார் பேசினால் கேட்பான். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். ஐந்து மணி பஸ்வரை இந்த மேசையில்தான் இருப்பேன்.