தொண்டையை ஆட்டிப் பாடியவர்

நண்பர்களே, வணக்கம். 1968-இல் இங்கிலாந்தில் ஹால்மார்க் என்ற மலிவு லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்று ஓர் எல்.பி. இசைத்தட்டு வரிசையைத் தொடங்கியது. அட்டையில் ஓர் அழகி சிரிப்பாள். உள்ளே அப்போதைய ஹிட் பாட்டுகள். பாடியது மட்டும் வேறு ஆட்கள். யார் என்று அட்டையைப் புரட்டினாலும் தெரியாது. லேசாக நினைக்காதீர்கள். 1971 ஆகஸ்டில் அதன் 18-ஆம் தட்டு பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது! அடுத்த வருஷமே மலிவுத் தட்டுகளைப் பட்டியலைவிட்டு வெளியே தள்ளினார்கள்.

இந்த மாதிரித் தட்டுகள் மறுபதிப்பாக வரும்போதெல்லாம் "இது யார் குரல்?" என்ற கேள்வி எழும். தன் குரல் வெளியே தெரியாமல் பாடத்தானே அவர்களுக்குக் கூலி! ரெஜ் டுவைட் என்று ஓர் இளைஞர், வயது 22. 1969, 70-இல் இந்த வேலைக்குப் போனார். பீ ஜீஸ் குழுப் பாடகர் ராபின் கிப்பின் பாட்டில் வரும் குரல் நடுக்கம் அவருக்கு வரவில்லை. பாடிக்கொண்டே தன் தொண்டையைக் கையால் பிடித்து ஆட்டினாராம். பின்னாளில் அவரே சொன்னது இது. அவரை உலகம் அறிந்த பெயர் எல்டன் ஜான், பிரிட்டிஷ் பாப் பாடகர்.

அவர் புகழ் பெற்றதும் வேறொரு தொல்லை. எந்தத் தட்டைக் கேட்டாலும் எல்டன் மாதிரியே இருக்கும். காது ஆசைப்பட்டதைக் கேட்கும், ஐயா. அதனால் நான் முதலில் கண்ணைத்தான் நம்புவேன். பாட்டு முடிந்து ஊசி உள்வாங்கும் இடத்தில், நடுவில் இருக்கும் காகித வட்டத்தை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கீறிய எண் தெரியும். வேறு லேபிள் தட்டிலும் அதே எண் இருந்தால் இரண்டும் ஒரே அச்சு என்று சந்தேகிக்கலாம். அந்த இன்னொரு தட்டில் பாடகர் பெயர் போட்டிருந்தால் அதிர்ஷ்டம்.

அதற்கப்புறம் காது. முன்வரிசைக் குரலை விட்டுவிட்டுப் பின்னணியில் 'ஊ... ஆ...' போடுகிறவர்களைக் கவனியுங்கள். அங்கே வேஷம் அவ்வளவு கச்சிதமாக இருக்காது. பாட்டு தேய்ந்து மறையும் இடமும் அப்படித்தான். அசல் தட்டில் ஒலி அடங்கிய பிறகு காப்பியடிக்க ஒன்றுமில்லை. பாடகர் தன் வாய்க்கு வந்ததைப் பாட வேண்டியதுதான்.

இதோ, ஒரு தட்டு போடுகிறேன். கடைசி பத்து வினாடியை மட்டும் கேளுங்கள்.