நோயுள்ள நாய்க்கு இன்சூரன்ஸ்: மறைக்காமல் எழுதுவதே லாபம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு நாய்க்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அல்லது போன மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்து பிழைத்தது. இனி அதற்கு இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா? நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். நோய் இருக்கிறது என்பதற்காகவே எல்லா நிறுவனமும் கதவை அடைப்பதில்லை. அந்த நோய்க்கும் அதையொட்டி வருபவற்றுக்கும் பணம் தரமாட்டார்கள். விபத்துக்கும் புதிதாக வரும் வேறு நோய்க்கும் தருவார்கள். ஆனால் விண்ணப்பத்தில் பழைய நோயை மறைத்திருந்தால் இந்தப் பாக்கியும் கைவிட்டுப் போகும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சரி செய்துகொள்வோம். மனிதர்களுக்கான மருத்துவ இன்சூரன்ஸில், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2024இல் விதி வந்தது. அதுவரை நான்கு ஆண்டாக இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, நாய்க்கும் மூன்று வருடம் பிரீமியம் கட்டினால் பழைய நோயும் சேர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்த விதி மனிதர்களுக்கான பாலிசிகளுக்கு மட்டுமே உரியது. வளர்ப்புப் பிராணிகளின் பாலிசியில் பழைய நோய் எத்தனை வருடம் ஆனாலும் வெளியே நிற்கலாம். அமெரிக்காவில் சில நிறுவனங்கள், குணமாகக்கூடிய நோயாக இருந்து 180 நாளோ ஒரு வருடமோ அறிகுறியே இல்லாமல் இருந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த விளம்பரங்களை யூடியூபில் பார்த்துவிட்டு இங்கே அதே வசதியை எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் பாலிசியில் அப்படி ஒரு வரி அச்சில் இருந்தால் மட்டுமே அது உண்டு.

‘முன்பே இருந்த நோய்’ என்று நிறுவனம் எதைச் சொல்கிறது? மருத்துவர் பெயர் சூட்டிய நோயை மட்டும் அல்ல. அறிகுறி தெரிந்திருந்தாலே போதும். லாப்ரடார் குட்டி மாடிப்படி ஏறத் தயங்குகிறது என்று மருத்துவச் சீட்டில் ஜனவரியில் ஒரு குறிப்பு இருக்கிறது. மார்ச்சில் பாலிசி எடுக்கிறீர்கள். ஆகஸ்டில் எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுக் கோளாறு தெரிகிறது. நோயின் பெயர் ஆகஸ்டில்தான் தெரியும், ஆனாலும் ஜனவரிக் குறிப்பை வைத்து அது பழைய நோய் என்பார்கள். பாலிசி தொடங்கியபின் வரும் காத்திருப்பு நாட்களும் இப்படித்தான். பல பாலிசிகளில் நோய்க்கு 30 நாள் வரை காத்திருப்பு உண்டு. அந்த நாட்களுக்குள் வாந்தியோ சொறியோ தொடங்கினால் அதுவும் பழைய கணக்கில் சேரும். வலது முழங்கால் பழுது முன்பே இருந்தால் இடது முழங்காலையும் சேர்த்து விலக்கும் பாலிசிகளும் உண்டு.

ஒரு நோயோடு தொடர்புடைய வேறு நோய்களும் விலக்கில் வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சர்க்கரை நோயுள்ள நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கண்புரை வரும். அந்தக் கண் அறுவைக்கு விண்ணப்பித்தால், சர்க்கரையால் வந்தது என்று திருப்பி அனுப்புவார்கள். மருத்துவ ரீதியில் அது சரியான முடிவுதான், வாதாடிப் பயனில்லை. ஆனால் அதே நாய் வண்டியில் அடிபட்டுக் கால் முறிந்தால் அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது.

நம் குமரி மாவட்டத்தில் அதிகம் சிக்கல் தருவது உண்ணிக் காய்ச்சல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டுக்கும் இடையில் ரப்பர் தோட்டத்துப் புதரும் வீட்டுச் சுவரின் வெடிப்பும் உண்ணிக்கு நல்ல இடம். எர்லிக்கியா என்ற கிருமியால் காய்ச்சல் வந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். நான்காம் நாள் நாய் சோறு தின்னத் தொடங்கும், ஏழாம் நாள் துள்ளும். அத்தோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி முழுக்கப் போவதில்லை. சில மாதம் கழித்து மூக்கில் ரத்தம் வடியும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். இதற்கிடையில் பாலிசி எடுத்திருந்தால், பழைய நோய் திரும்பியது என்ற பதில்தான் வரும்.

ஆகவே 28 நாளும் முடியுங்கள். முடிந்தபின் ரத்த அணுக்களின் எண்ணிக்கையை மீண்டும் பார்த்து, தட்டணுக்கள் சரியான அளவுக்கு வந்ததைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு. மருத்துவமனையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பத்து நிமிடத்தில் பார்க்கும் கிட், பெரும்பாலும் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டுகிறது. குணமாகி பல மாதம் ஆனபின்பும் அதில் கோடு விழும். அந்த ஒரு சீட்டைக் காட்டி நோய் இன்னும் இருக்கிறது என்று நிறுவனம் சொன்னால், கிருமி இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனையைச் செய்து முடிவை அனுப்புங்கள். பல கோப்புகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல்தான் மூடப்படுகின்றன.

இனி விண்ணப்பப் படிவம். ‘நாய் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறதா?’ என்று ஒரே கேள்வி இருக்கும், ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஏஜென்ட், ‘நீங்க கையெழுத்துப் போடுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்’ என்பார். கைப்பேசியில் எடுத்தால் ஓ.டி.பி. எண்ணைச் சொன்னதும் முடிந்துவிடும். யார் பூர்த்தி செய்தாலும் சட்டத்தின் முன் அது உங்கள் வாக்குமூலம். கட்டத்தில் இடம் போதாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இணையுங்கள்: நோயின் பெயர், முதலில் பார்த்த தேதி, கொடுத்த மருந்து, கடைசியாகப் பரிசோதித்த தேதி, இப்போதைய நிலை. மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் கீழே இருக்கட்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் அனுப்பிய நாளும் பதிவாகிவிடும். நோயைக் குறிப்பிடாமல் சான்றிதழ் கொடுங்கள் என்று மருத்துவரை வற்புறுத்துவது அவருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு. கிளெய்ம், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கை, வரும்போது நிறுவனம் பழைய சீட்டுகளையும் ஆய்வகத்தின் பதிவுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கும்.

பாலிசி கைக்கு வந்ததும், விலக்கு என்ன சொற்களில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நாய்க்கு வந்தது காதில் ஒருமுறை பூஞ்சைத் தொற்று. பாலிசியில் ‘தோல் மற்றும் காது நோய்கள் அனைத்தும்’ என்று விலக்கியிருக்கிறார்கள். ஈரக்காற்று அடிக்கும் இந்தக் கடலோரத்தில் தோல் நோயையே மொத்தமாக விலக்கிவிட்டால் பாலிசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ‘வலது காதின் பூஞ்சைத் தொற்று மட்டும்’ என்று குறுக்கித் தரும்படி எழுதிக் கேளுங்கள். எல்லாரும் இசைய மாட்டார்கள். கேட்காதவருக்கு யாரும் தாமாக வந்து குறுக்கித் தரமாட்டார்கள். மறுத்தால் பாலிசியை ரத்து செய்யலாம். கிளெய்ம் எதுவும் வாங்காத ஓராண்டுப் பாலிசியில், மீதி நாட்களுக்கான பிரீமியத்தைத் தனிநபருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி.

தேதி தவறிப் புதுப்பிப்பது இன்னொரு பள்ளம். முதல் ஆண்டில் பாலிசிக்குள் வந்த இதயக் கோளாறு, இடைவெளி விட்டுப் புதிதாக எடுக்கும் பாலிசியில் ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும். நோயுள்ள பிராணி வைத்திருப்பவர் புதுப்பிக்கும் நாளை 15 நாள் முன்பே காலண்டரில் குறித்துவைப்பது நல்லது. வயது வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்காத பாலிசிகள் பல. பெரிய இன நாய்களுக்கு இன்னும் முன்னதாகவே நிறுத்துவார்கள்.

பழைய நோய்க்குப் பணம் வராதென்றால் பிரீமியம் கட்டுவது வீண்தானே என்று கேட்கலாம். நோயின் பாதிப்பே இல்லாத பிரிவுகளைப் பாருங்கள். நாய் பிறரைக் கடித்தாலோ, குறுக்கே ஓடி ஒருவர் வண்டியிலிருந்து விழுந்தாலோ வரும் இழப்பீட்டுக்கு மூன்றாம் நபர் பொறுப்பு என்ற பிரிவு இருக்கிறது. சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கும் அது முழுமையாகப் பொருந்தும். நாய் திருட்டுப் போவது, விபத்து, விஷம் தின்பது ஆகியவையும் அப்படியே. ஆனால் இறப்புக்கான தொகையை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். தீராத நோயுள்ள நாய் பெரும்பாலும் அந்த நோயாலேயே இறக்கும், அதற்குப் பணம் வராது. பிரீமியம் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபாய் மதிப்புக்கு வருடம் 1,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 5,000. அந்தப் பணம் இன்சுலினுக்கு ஆகும்.

பழைய நோய்க்கான செலவை நீங்களே சேர்க்க வேண்டும். கடந்த மூன்று மாத பில்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மாதச் செலவு தெரியும். சர்க்கரைக்கு என்றால் இன்சுலின், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றும் அதில் வரட்டும். அந்தத் தொகையோடு அதில் கால் பங்கையும் சேர்த்து மாதாமாதம் ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பில் வட்டி கூடுதல்தான், ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் அது. நள்ளிரவில் நாய்க்கு வலிப்பு வந்தால் அந்தப் பணத்தை எடுக்க முடியாது.

தடுப்பூசியைப் பற்றி ஒரு வார்த்தை. வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றால் வரும் இழப்பை, ஊசி போட்ட ஆதாரம் இல்லாவிட்டால் பல பாலிசிகள் ஏற்பதில்லை. ஆற்றுவெள்ளம் தோட்டத்துக்குள் ஏறும் குழித்துறை, பழையாற்றுக் கரைப் பகுதிகளில் எலிக்காய்ச்சல் ஊசியைத் தவறவிடக் கூடாது. ஊசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்கத்தையும் பாலிசியோடு ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் இது வேறு நாய் என்பார்கள்.

பசு வளர்ப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் மத்திய அரசு எடுத்த முடிவின்படி, பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15 சதவீதம்தான். மடிநோய் வந்து ஒரு காம்பு அடைபட்ட பசுவையும் சேர்க்கக் கேட்கலாம். மூன்று காம்பில்தான் பால் என்பதைக் கால்நடை மருத்துவரின் சான்றில் எழுதவைத்து, மதிப்பையும் அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள். நான்கு காம்புக் கணக்கில் மதிப்புப் போட்டுவிட்டு, பசு இறந்தபின் பிரேதப் பரிசோதனையில் மடி சுருங்கியிருப்பது தெரிந்தால் முழுத் தொகைக்கும் ஆபத்து. பசுவின் காதில் மாட்டிய அடையாள வில்லை விழுந்தால் அன்றே கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புது வில்லை போட்டு, புதிய 12 இலக்க எண்ணை நிறுவனத்துக்கும் எழுதுங்கள். வில்லை இல்லாவிட்டால் பணம் இல்லை. கிளெய்முக்கு வேண்டியவை நான்கே: தகவல் கொடுத்த ஆதாரம், பாலிசி, கிளெய்ம் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. புதைக்கும் அவசரத்தில் கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். தகவலை 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள், வில்லையோடு படமும் எடுங்கள். நாய்க்கும் இதே ஒழுங்குதான்.

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்தின் திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள் பில்லில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பதிவு பெற்ற மருத்துவர் இங்கே செல்லாதவர் ஆகமாட்டார்.

கிளெய்மை மறுத்தால், எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ‘முன்பே இருந்த நோய்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தேதியிட்ட எந்தச் சீட்டில் அறிகுறி இருந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, மனுவை இணையத்திலேயே போடலாம். வழி தெரியாதவர்கள் இன்சூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் குறைதீர்ப்பு எண் 155255இல் கூப்பிட்டுக் கேளுங்கள். கூப்பிடும்போது பாலிசி எண்ணும் மறுப்புக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

வணக்கம்.