பெயர் சொல்லாத பாயசம்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரு பாயசம் வைக்கப்போகிறோம். என்ன பாயசம் என்பதைக் கொஞ்சம் தள்ளித்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் உங்களில் பாதிப் பேர் வானொலியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், என் வீட்டுக்காரர்தான் அதில் முதல் ஆள்.

கல்யாணமான புதிதில் அவருக்கு லக்னோவுக்கு மாற்றலாகி, அங்கே மூன்று வருடம் குடியிருந்தோம். கீழ் வீட்டில் ஒரு பெரியம்மா இருந்தார்கள். எனக்கு இந்தி அரைகுறை, அவர்களுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, ஆனாலும் சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டால் எங்கள் பேச்சு நிற்காது. ஒரு குளிர்கால ராத்திரி மண் கிண்ணத்தில் கீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், நம் ஊர்ப் பால் பாயசம் மாதிரிதான், இன்னும் கெட்டியாக, வெளிர் மஞ்சளாக, மேலே மெல்லிசாக ஆடை கட்டியிருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்னத் துண்டுகள். இது என்னவென்று சொல்லு பார்ப்போம் என்றார்கள். பாதாம் என்றேன், இல்லை. முந்திரி என்றேன், இல்லை. மென்று பார்த்தால் அவித்த பலாக்கொட்டை மாதிரி மாவாக இருந்தது, ஆனால் பலாக்கொட்டைக்கு இந்தியில் என்ன சொல்வது என்று தெரியாததால் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிண்ணத்தை வழித்து முடித்த பிறகு அவர்கள் உள்ளே போய் ஒரு முழுப் பூண்டை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார்கள்.

ஆமாம், பூண்டு. பூண்டுப் பாயசம். போகிறவர்கள் இப்போது போகலாம்.

அந்தப் பக்கத்து அவத் சமையலில் இதற்கு 'பேநாமி கீர்' என்று பெயர். பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'நாம்' என்றால் பெயர். பெயரில்லாத பாயசம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பெயரைச் சொன்னால் யாரும் தொடமாட்டார்கள் என்பதால். நிலம், வீடு, கோர்ட்டு என்று வரும்போது நாம் பினாமி பினாமி என்கிறோமே, அதே சொல்தான். சொத்துக்கு இருப்பதுபோல் பாயசத்துக்கும் பினாமி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் பிறந்தது பெரியகுளம் பக்கம். எங்களுக்கு வடுகபட்டி பக்கத்து ஊர், அங்கே பூண்டு மண்டிகள் இருக்கும் தெருவில் நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம், அத்தனை வாசம். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளுக்கே பூண்டைப் பாயசத்தில் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

யோசித்துப் பார்த்தால் பாலும் பூண்டும் நமக்குப் புதிதே கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைப் பாலில் வேகவைத்து, பனங்கற்கண்டு போட்டு, மஞ்சள் தூளும் மிளகுத் தூளும் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுக்காத வீடு எங்கள் பக்கம் இருக்காது. அதை மருந்து என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம், அவ்வளவுதான். காயையும் பாலையும் சேர்ப்பதும் அப்படித்தான், பொங்கலுக்குப் பரங்கிக்காய் பால் கூட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஹைதராபாத்தில் சுரைக்காயைத் துருவிக் கீர் வைக்கிறார்கள், வடக்கே கேரட் அல்வாவுக்குப் பாலை ஊற்றிச் சுண்ட விடுகிறார்கள், பீகாரில் கோவைக்காய்க்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும் பர்வல் காயைக் கீறி உள்ளே கோவாவை அடைத்து மிட்டாயாகவே விற்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது ஒரே வருடம், 2019இல். இரண்டையும் ஒரே சட்டியில் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை போல.

சரி, வாசத்துக்கு வருவோம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. தோலுரித்த ஒரு பூண்டுப் பல்லை முழுதாக மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் அடிக்காது. அதையே நசுக்கினால் வீடே மணக்கும். பூண்டுக்குள் ஒரு பொருளும், அதை மாற்றுகிற நொதி ஒன்றும் தனித்தனி அறையில் இருக்கின்றன, கத்தி பட்டு அறை உடைந்தால் இரண்டும் சேர்ந்து அல்லிசின் என்ற காரமான பொருள் உண்டாகிறது. 1944இல் அதைப் பிரித்தெடுத்து அப்படிப் பெயர் வைத்தார்கள். அந்த நொதி சூட்டைத் தாங்காது. முழுப் பல்லாகவே கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அறை உடைவதற்கு முன்னாலேயே நொதி செயலிழந்துவிடும், காரம் பிறக்கவே பிறக்காது. அதனால் இந்தப் பாயசத்தில் கத்திக்கு வேலை கடைசியில்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊருக்கு வந்து முதல்முறை செய்தபோது சீக்கிரம் வேகட்டுமே என்று நான் பூண்டைச் சன்னமாக நறுக்கிப் போட்டுவிட்டேன். ஐந்து தண்ணீர் மாற்றியும் போகவில்லை. ரசத்தில் சர்க்கரை போட்டமாதிரி இருந்தது.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தோலுரித்த பூண்டு 100 கிராம், பால் 1 லிட்டர், சர்க்கரை 100 கிராம், நெய் இரண்டு டீஸ்பூன், பச்சரிசி ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் நாலு, குங்குமப்பூ இருந்தால் ஒரு சிட்டிகை. பால் நல்ல கொழுப்புள்ள பாலாக இருக்கட்டும். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட், அதில் கொழுப்பு 6 சதவீதம். நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான், அதில் வைத்தால் எவ்வளவு சுண்டினாலும் நாக்கில் தண்ணீராகத்தான் படும். பூண்டில் மலைப்பூண்டு வேண்டாம், அது காரம் கூடியது, ரசத்துக்கும் குழம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளைப் பூண்டில் பெரிய பல்லாக, முளை விடாததாகப் பார்த்து எடுங்கள். நடுவில் பச்சையாகக் குருத்து தெரிந்தால் அந்தப் பல் வேண்டாம், கசக்கும்.

உரிப்பதற்கு முன்னால் பல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். நகக்கண் எரியாமல் இருக்க விரலில் நல்லெண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். கத்தி வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் அடிக்காம்பைக்கூட நகத்தால் கிள்ளி எடுத்தால் போதும்.

அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு பூண்டைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றாதீர்கள். ஐந்து நிமிடம் கொதிக்கட்டும், வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், மறுபடி ஐந்து நிமிடம். லக்னோ பெரியம்மா இரண்டாவது தண்ணீரில் மிளகு அளவு படிகாரம் போடுவார்கள். படிகாரம் இல்லாவிட்டால் ஒரு டீஸ்பூன் வினிகர் போடலாம். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது தண்ணீரில் ஒன்றும் போட வேண்டாம். முதல் தண்ணீர் கொதிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் வீட்டில் இருக்கிறவர்கள் என்ன உருளைக்கிழங்கா வேகிறது என்று கேட்பார்கள், அதுதான் அடையாளம். ஐந்தாவது முடிந்ததும் ஒரு பல்லை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும், வாயில் போட்டால் காரமே இல்லாமல் லேசாக இனிக்க வேண்டும். இனிக்காவிட்டால் இன்னொரு தண்ணீர். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு ஏலக்காய் கொட்டினாலும் மறையாது.

அடுத்தது நான் சறுக்கிய இரண்டாவது இடம். படிகாரமும் சரி, வினிகரும் சரி, பாலுக்கு ஆகாதவை. நல்ல பாலில் புளிப்பு என்பது பேருக்குத்தான் இருக்கும், அது கொஞ்சம் கூடினாலே போதும், அதுவும் கொதிக்கிற பாலில் சொல்லவே வேண்டாம், உடனே திரிந்துவிடும். முதல்முறை பாழானதால் இரண்டாவது முறை இன்னும் சுத்தமாகச் செய்கிறேன் என்று ஒவ்வொரு தண்ணீரிலும் வினிகர் விட்டேன். கழுவாமல் அப்படியே பாலில் போட்டேன். விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே பால் கண்ணெதிரே கட்டி கட்டியாகப் பிரிகிறது. என்ன செய்வது, அடுப்பைக் கூட்டி வைத்துத் தண்ணீர் முழுக்க வற்றும்வரை கிளறி, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துத் திரட்டுப்பால் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். அதனால் கடைசித் தண்ணீரை வடித்த பிறகு குழாயடியில் பிடித்து இரண்டு மூன்று முறை நன்றாக அலசிவிடுங்கள். இதே காரணத்துக்காகத்தான் இதில் வெல்லமும் வேண்டாம் என்கிறேன், கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரியும். வெல்லம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பாகு காய்ச்சி ஆறவைத்து, பாயசத்தையும் இறக்கி ஆறவைத்து அதற்குப் பிறகு கலக்கட்டும். நிறம் மட்டும் மண் நிறமாக இருக்கும்.

இப்போது கத்தியை எடுக்கலாம். வெந்த பூண்டில் மூன்றில் ஒரு பங்கை நீளவாக்கில் கீறி வைத்துக்கொள்ளுங்கள், மீதியைக் கரண்டியால் மசியுங்கள். நெய்யைக் காயவைத்துக் கீறினதைச் சின்னத் தீயில் ஓரம் லேசாகப் பொன்னிறமாகும்வரை புரட்டி எடுத்துத் தனியே வையுங்கள், இதுதான் கிண்ணத்தில் பாதாம் என்று ஏமாற்றப்போகிறது. அதே நெய்யில் மசித்ததைப் போட்டு ஈரம் போகும்வரை வதக்குங்கள். காய் எதுவாக இருந்தாலும், சுரைக்காயோ கேரட்டோ பூசணியோ, அதன் தண்ணீரை நெய்யில் வற்ற வைத்துவிட்டுப் பாலுக்குக் கொடுத்தால்தான் பாயசம் கெட்டியாக நிற்கும்.

பால் காய்ச்சுவதற்கு அடிகனமான பாத்திரம் வேண்டும். பாலை ஊற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி ஈரத்தோடே ஊற்றினால் அடிப்பிடிப்பது குறையும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த பச்சரிசியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் ஆடை ஒட்டும் பாருங்கள், அதை அவ்வப்போது வழித்து உள்ளே தள்ளுங்கள், பாயசத்துக்கு ருசியே அதில்தான். அரிசி வெந்ததும் வதக்கின பூண்டு. ஆகமொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும், 1 லிட்டர் பால் சுமார் 600 மில்லி ஆகும்வரை. கொதிக்கிற சத்தமே மாறும், முதலில் சலசலவென்று இருப்பது கடைசியில் தொப்புத் தொப்பென்று கேட்கும். அப்போது சர்க்கரை. போட்டவுடன் கொஞ்சம் இளகும், பயப்பட வேண்டாம், இன்னும் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ஏலப்பொடி, பாலில் ஊறின குங்குமப்பூ, எடுத்து வைத்த துண்டுகள், இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் கெட்டிப்படும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள். எனக்குச் சூடாகப் பிடிக்காது, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால்தான் இது அந்த லக்னோ கிண்ணத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

சாப்பிட்ட பிறகு வாய் நாறுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாம் செய்தமாதிரி வேகவைத்தால் நாறாது. போதாததற்குப் பாலும் துணைக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், பூண்டு தின்ற வாயின் வாடையைப் பால் குறைக்கிறது, கொழுப்பு எடுக்காத பால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது, தின்ற பிறகு குடிப்பதைவிடப் பூண்டோடு சேர்த்தே குடிப்பது நல்லது என்று கண்டிருக்கிறார்கள். கொழுப்புள்ள பாலும் பூண்டும் சேர்ந்தே வாய்க்குள் போகிறது என்றால் அது நம் பாயசம்தானே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் லக்னோ வழக்கத்தோடு ஒத்துப்போவதில்லை. பெயரைச் சொல்லாமல் பரிமாறுவது விளையாட்டாக இருக்கலாம், ஆனால் பூண்டே சேர்க்காத வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு, ஜைனர்கள் இருக்கிறார்கள், விரதத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், பூண்டு ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு. அதனால் நான் கிண்ணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் பூண்டு சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்டுவிடுவேன். சாம்பாருக்குக் கேட்கிறாள் போல என்று நினைத்து ஆமாம் என்பார்கள். அது போதும். சாமிக்குப் படைக்கிற பாயசமும் இது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாச்சிக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. அவரிடம் மட்டும் மறைக்க மனசு வரவில்லை, பூண்டு என்று சொல்லியே கொடுத்தேன். "ஏத்தா, நான் என்ன பிள்ளையா பெத்துருக்கேன்?" என்றார். கிண்ணத்தைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு கரண்டி எடுத்தார், இன்னொன்று எடுத்தார், ஒன்றும் பேசவில்லை. முடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார், "இதுல மிளகுத் தூளு கொஞ்சம் கம்மி" என்றார். சிரித்துக்கொண்டே அடுத்த கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்தப் பாயசத்துக்கு மிளகுத் தூள் உண்டு.